திங்கட்கிழமை காலை நான் என்ன செய்ய?

(ராயகிரியில் ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசை காலியாகக் கிடக்கிறது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை எழுப்பி முன்னால் உட்கார வைப்பவர்கள், கூட்டம் என்று வந்தால் கடைசி வரிசையைத் தேடுகிறீர்கள். பரவாயில்லை, மைக் நன்றாக இருக்கிறது.

விடுமுறை நாளில் குற்றாலத்துக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இன்றைய தலைப்பு கொஞ்சம் நீளமானது. இளம்பருவத்து மனச்சோர்வைப் பற்றி ஆசிரியர்களுக்காக இணையத்தில் கிடைக்கும் தகவல்களை எடைபோடுவது எப்படி? சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் கைப்பேசி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் வரை கபடி, கேலி, கும்மாளம். இந்த வருடம் முதல் மணிக்கே மேசையில் தலை சாய்த்துவிடுகிறான். கேட்டால் தலைவலி என்கிறான், வயிற்றுவலி என்கிறான். கூட்டாளியோடு அடிதடி. அப்பா கேரளாவில் வேலை. அம்மா காட்டு வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். ஒருநாள் நோட்டுத் திருத்துகிறீர்கள். கடைசிப் பக்கத்தில், தான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்ற பொருளில் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறான்.

அன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருமா? வராது. எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் பதிவேற்ற வேண்டியதை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, அதே போனில் தேடுவீர்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் லட்சக்கணக்கில் பதில் வந்து கொட்டும். ஒரு பக்கம் பத்து அறிகுறி சொல்லும். இன்னொரு பக்கம் பரீட்சை வைத்து மதிப்பெண் போடும். ஒரு காணொளி வாழைப்பழம் சாப்பிடச் சொல்லும். மற்றொன்று, போனைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று போனிலேயே சொல்லும்!

இந்தப் பையன் கற்பனை. ஆனால் இவன் முகம் எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்.

ஒரு கைகூட எழவில்லை. எழாது என்று தெரிந்துதான் கேட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அந்தக் கணக்கு சொன்னது. மனச்சோர்வு அவற்றில் ஒன்று. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று பெயர்களுக்கும் சிவப்பு மையில் கோடு போட்டு யாரும் நமக்குத் தருவதில்லை.

ஆகவே ஆசிரியர் இணையத்தில் தேடுவதை நான் குறை சொல்லமாட்டேன். தேடத்தான் வேண்டும். தேடிக் கிடைத்ததை எடைபோடத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இன்றைய பேச்சு.

முதலில் முத்திரைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் மூலிகைத் தைலக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பாட்டிலை எடுத்தாலும் லேபிள் இருக்கும், முத்திரை இருக்கும், தாடி வைத்த ஒரு சித்தர் படமும் இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்பது வேறு கேள்வி. இணையப் பக்கமும் அப்படித்தான். ஜெனீவாவில் 'ஹெல்த் ஆன் தி நெட்' என்ற அமைப்பு 1990-களின் நடுவில் தொடங்கியது. ஒழுங்கான உடல்நலப் பக்கங்களுக்கு 'ஹான்' என்று ஒரு முத்திரை கொடுத்தது. நல்ல முயற்சி. 2022-இல் அந்த அமைப்பே மூடப்பட்டுவிட்டது. இன்றைக்கும் எங்காவது ஒரு பக்கத்தின் அடியில் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கொடுத்தவர்கள் இல்லை, புதுப்பித்துப் பார்க்க ஆளில்லை என்று பொருள்.

சரி, முத்திரை போகட்டும். வேறு எதைப் பார்ப்பது? 1997-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள். எழுதியவர் யார், தகவல் எங்கிருந்து எடுத்தது, பணம் யாருடையது, கடைசியாகத் திருத்தியது எப்போது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நானும் இதைத்தான் ரொம்ப நாள் வேதவாக்காக நினைத்திருந்தேன்.

அப்புறம் ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு செய்தி வந்தது. கான்பெராவில் கேத்லீன் கிரிஃபித்ஸ், ஹெலன் கிறிஸ்டென்சன் என்ற இரண்டு அம்மையார்கள். மனச்சோர்வைப் பற்றி மக்கள் அதிகம் பார்க்கும் 21 இணையத்தளங்களை எடுத்துக்கொண்டு வரி வரியாகச் சோதித்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. பெரும்பாலானவற்றின் தரம் மோசம். அது நாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. எழுதியவர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்துப் போட்ட மதிப்பெண்ணுக்கும், உள்ளே சொல்லியிருக்கும் மருத்துவம் சரியா என்பதற்கும் பெரிய சம்பந்தமே இல்லை! பேர், ஊர், தேதி எல்லாம் பளிச்சென்று இருக்கும், உள்ளே தப்பு இருக்கும். ஆசிரியர் குழு ஒன்று இருந்து, அமைப்பு ஒன்று பொறுப்பேற்று நடத்தும் தளங்கள் மட்டும் கொஞ்சம் தேவலை.

அந்த அம்மையார்கள் குறை சொன்னதோடு நிற்கவில்லை. மறு வருடமே 'மூட்ஜிம்' என்ற இணையப் பயிற்சியை அவர்கள் பல்கலைக்கழகத்தில் இருந்து வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் தாமாகவே படித்துப் பயிற்சி செய்வதற்கு. பலன் உண்டா என்று ஆய்வு வைத்துப் பார்த்தார்கள். இப்படி இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். குறை சொன்ன கை கொஞ்சம் வேலையும் செய்யட்டும்.

அதற்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டில் டெபோரா சார்னக் என்பவரும் கூட்டாளிகளும் 1999-இல் 'டிஸ்செர்ன்' என்று பதினாறு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வரை மதிப்பெண். ஒரு பக்கம் தன் நோக்கத்தைச் சொல்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறதா, சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறதா, இப்படிப் போகும். மருத்துவ நூலகருக்கு அது கைவாள். ராத்திரி பத்தரை மணிக்கு அந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்குப் பதினாறு கேள்வி தாங்காது. அவருக்கு ஒரே கேள்விதான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை நான் என்ன செய்ய? அந்தப் பையன் பள்ளிக்கூட வாசலில் நுழையும்போது நான் என்ன செய்ய?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பக்கம், எத்தனை பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், ராயகிரி ஆசிரியருக்கு உதவாது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இணையத்தில் இன்று அதிகம் சுற்றுவது ஒன்பது கேள்வி கொண்ட ஒரு சோதனைத்தாள். அதன் பெயர் பிஎச்க்யூ-9. போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தீர்கள், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. மொத்தம் 27. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே என்ற மூவர் உருவாக்கியது. இந்த ஒன்பது கேள்வியைச் சோதித்துப் பார்த்த முடிவு 2001-இல் வெளிவந்தது. காசு கொடுத்தது யார்? பைசர். மனச்சோர்வுக்கு மாத்திரை விற்ற அதே பைசர்! உடனே, இது கம்பெனிக்காரன் சதி என்று கிளம்பிவிடாதீர்கள். உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்து, பயனுள்ளது என்று ஏற்றுக்கொண்ட தாள் அது. இலவசமாக யாரும் பயன்படுத்தலாம். கம்பெனிக் காசில் நல்லதும் வரும். ஆனால் காசு யாருடையது என்பதை மறைக்காமல் சொல்லும் பக்கத்துக்கு நான் ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன்.

என் கவலை காசைப் பற்றியது இல்லை. அந்தத் தாள் முதலில் பெரியவர்களிடம், மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பதின்பருவத்தாருக்குத் திருத்திய வடிவம் தனியாக உண்டு. வாட்சாப்பில் வருவது எது? யாருக்கும் தெரியாது. அதோடு, அது டாக்டர் பார்க்க வேண்டிய ஆளைச் சலித்தெடுக்கும் தாள். நோயை முடிவுசெய்வது டாக்டர் நேரில் பேசிய பிறகு.

இப்போது நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர், நல்ல மனசுக்காரர், அந்த ஒன்பது கேள்வியை கூகுள் படிவமாக்கி வகுப்பு வாட்சாப் குழுவில் போடுகிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பிள்ளை அதை நிரப்புகிறது. ஒன்பதாவது கேள்வி என்ன தெரியுமா? செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. பிள்ளை 'தினமும்' என்று அமுக்கி அனுப்பிவிட்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறது. சனிக்கிழமை ஆசிரியருக்குச் சொந்தக்காரர் கல்யாணம். ஞாயிறு ஓய்வு. திங்கள் தேர்தல் பணி வகுப்பு. செவ்வாய்க்கிழமை திறந்து பார்க்கிறார்.

ஐயா, பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இந்தக் கேள்வியை எழுதி வைக்கலாமா? கேட்பது தப்பு இல்லை. நேருக்கு நேர் கேட்டால் அந்த எண்ணம் இல்லாத பிள்ளைக்கும் வந்துவிடும் என்று சில பக்கங்கள் எழுதுகின்றன. அது சரியில்லை. பொறுமையாக, தனியாக, நேரடியாகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பதுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. பல பிள்ளைகள், ஒருத்தராவது கேட்டாரே என்று மூச்சு விடுகிறார்கள். கேட்டுவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். படிவம் அங்கேயே இருக்காது. ஆகவே, 'உங்கள் மாணவர்களை நீங்களே சோதியுங்கள்' என்று ஆசிரியரைத் தூண்டும் பக்கம், சோதித்த பிறகு அன்றைக்கே என்ன செய்வது என்று சொல்லாவிட்டால், அதை மூடிவிடுங்கள்.

அடுத்தது தேதி. தேதியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம், போலீஸ் கேஸ் ஆகும் என்று எழுதிய தமிழ்ப் பக்கங்கள் இன்னும் உலவுகின்றன. அதைப் படித்த பெற்றோர் என்ன செய்வார்கள்? பிள்ளை முயன்று பிழைத்தால் ஆஸ்பத்திரியில் பொய் சொல்வார்கள். வயிற்றுக் கோளாறு என்பார்கள், கால் தவறி விழுந்தது என்பார்கள். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மனநல உதவி கிடைக்காமல் போகும். 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று அதன் 115-ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தபோது அந்தப் பழைய 309-ஆவது பிரிவும் போயிற்று. எட்டு வருடம் பழைய ஒரு பக்கம் ஒரு குடும்பத்தைப் பொய் சொல்ல வைக்கும். அதனால்தான் தேதி பார்க்கச் சொல்கிறேன்.

சரி, யார் எழுதியது, யார் காசு, எப்போது எழுதியது, எல்லாம் பார்த்தாகிவிட்டது. அமெரிக்கப் பக்கம் ஒன்று, எல்லாவற்றிலும் முதல் மார்க். படியுங்கள். மாணவனிடம் ஆபத்து அறிகுறி தெரிந்தால் பள்ளியின் உளவியலாளரிடம் அனுப்புங்கள் என்கிறது. நம் பள்ளியில் உளவியலாளர் எந்த அறையில் இருக்கிறார்? பி.டி. சார்தான் இருக்கிறார், அவரும் மூன்று பள்ளிக்குப் பொறுப்பு. அடுத்த வரி, வீட்டில் உள்ள துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள் என்கிறது. சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், அந்த வரி அவர்கள் ஊருக்கு உயிர் காக்கும் வரி. நம் ஊருக்கு அது எந்த வரி?

நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் போடுகிற ஊர்கள் நம்முடையவை. மருந்தடிக்காத தோட்டம் எது? அந்த டப்பாக்கள் எங்கே இருக்கின்றன? வீட்டுக்குள், பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம் கட்டி, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பெட்டி, பூட்டு, சாவி கொடுத்தார்கள். தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. மனம் உடைகிற நேரமும் மருந்தும் ஒன்றாகச் சேராமல் இருந்தால் ஓர் உயிர் தப்புகிறது. அந்த வேகம் தணிய எத்தனையோ பேருக்குக் கொஞ்ச நேரம் போதும். அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டு நீங்கள் சொல்ல வேண்டியவற்றில் முதல் வரி இதுதான்: "அக்கா, தோட்டத்து மருந்தை இன்னைக்கே வீட்டைவிட்டு எடுத்துருங்க. பூட்டி, சாவியை நீங்க வச்சுக்கோங்க." இந்த வரியைச் சொல்லும் பக்கம் நம் பக்கம். சொல்லாத பக்கம், எத்தனை அழகான படம் போட்டிருந்தாலும், அடுத்த தேசத்துப் பக்கம்.

அதே போல, மாணவன் சொல்வதை ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுங்கள் எனச் சில பக்கங்கள் சொல்லும். கொடுக்காதீர்கள். பிள்ளை வாய் திறந்து, தன்னை ஒருத்தர் தப்பாகத் தொட்டார் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்ட யாரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை உண்டு. சோர்வுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருப்பது அபூர்வமும் இல்லை. "உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்" என்பதுதான் நாம் கொடுக்கக்கூடிய வாக்கு.

இப்போது தமிழ்க் காணொளிகளுக்கு வருகிறேன். லட்சம் பேர் பார்த்தது, பத்து லட்சம் பேர் பார்த்தது என்று வரும். பார்த்தவர் எண்ணிக்கை தரத்துக்குச் சான்றா? கோழிக் குழம்பு வைப்பது எப்படி என்பதற்கும் பத்து லட்சம் பேர்தான். பேசுகிறவர் என்ன படித்தார் என்று பாருங்கள். முகப்பில் டாக்டர் என்று இருந்தால் எதில் டாக்டர் என்று பாருங்கள். மாத்திரை பேர் சொல்லி, மெடிக்கலில் வாங்கிக் கொடுங்கள் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். மனச்சோர்வு மருந்துகள் இளம் வயதில் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. மருந்தே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. மனநல மருத்துவர் கண்காணிப்பில், அடிக்கடி பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டிய மருந்து அது. 'மருந்தே விஷம்' என்று கத்துகிறவரும் தப்பு, 'ஒரு மாத்திரை போதும்' என்கிறவரும் தப்பு. இரண்டு பேரும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நம் பக்கத்து நம்பிக்கையையும் பேசித்தான் ஆக வேண்டும். சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதிக்கு எதிரே இருக்கும் சக்கரத்தில் உட்கார வைத்தால் மனக்கோளாறு தீரும் என்று தலைமுறை தலைமுறையாக அழைத்துப் போகிறோம். புற்றுமண் பூசுகிறோம். நான் அதைக் கேலி செய்ய வரவில்லை. அம்மன் சந்நிதியில் அழுது தீர்த்த தாய்மார்களுக்குக் கிடைத்த ஆறுதலை நான் யார் அளக்க? ஆனால் கோவிலுக்கோ தர்காவுக்கோ மட்டும் கூட்டிப் போய், ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் சங்கிலி போட்டதன் முடிவை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பார்த்தோம். தீயில் 28 உயிர். மறக்க முடியுமா? 'பேய் பிடித்திருக்கிறது, டாக்டரிடம் போகாதே' என்று சொல்லும் பக்கம் எதுவானாலும், எந்த மதத்துப் பெயரில் வந்தாலும், ஒதுக்குங்கள். 'மூடநம்பிக்கைக்காரப் பெற்றோர்' என்று திட்டி எழுதும் பக்கத்தையும் ஒதுக்குங்கள். அந்தத் தாயைத் திட்டிவிட்டு எப்படி அவளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வரவைப்பீர்கள்? சங்கரன்கோவிலுக்குப் போகட்டும், அப்படியே ஆஸ்பத்திரிக்கும் வரட்டும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஆசிரியரை எவ்வளவு தூரம் போகச் சொல்லலாம்?

சில பக்கங்கள் நம்மைக் கும்பிட்டு மேலே ஏற்றிவிடும். நீங்கள்தான் இரண்டாவது பெற்றோர், நீங்கள்தான் ஆலோசகர், நீங்கள்தான் குணப்படுத்துபவர்! கேட்கக் கேட்க மார்பு விரியும். பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் 'சேஹேர்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சில பள்ளிகளில், பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆலோசகர் ஒருவரை முழுநேரமாக வைத்தார்கள். சில பள்ளிகளில் அதே வேலையை ஆசிரியர் ஒருவரிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2018-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஆலோசகர் வைத்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மாறியது, மனச்சோர்வு குறைந்தது, பிள்ளைகளுக்குள் அடிதடி குறைந்தது. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில்? ஒரு மாற்றமும் இல்லை.

ஆசிரியர் மோசம் என்றா பொருள்? பாடம் எடுத்து, நோட்டுத் திருத்தி, இலவச சைக்கிளுக்குக் கணக்கு எழுதி, எமிஸில் ஏற்றி முடித்த ஆளின் தலையில் பதினோராவது மூட்டையை வைத்தால் அவர் அதை எங்கே இறக்குவார்? பிரிட்டனில் 'மிரியட்' என்று இன்னோர் ஆய்வு. 85 பள்ளிகள், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆசிரியர்களுக்குத் தியானப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022-இல் முடிவு. பிள்ளைகளின் மனச்சோர்வில் வழக்கமான வகுப்புகளைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. ஆசிரியர்களின் சோர்வு மட்டும் கொஞ்ச காலத்துக்குக் குறைந்ததாம். அதுவும் நல்லதுதான், நம் சோர்வை யார் பார்க்கிறார்கள்! ஆகவே 'தினமும் ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொல்லுங்கள், வகுப்பில் மனச்சோர்வே இருக்காது' என்று எந்தப் பக்கமாவது சத்தியம் செய்தால், அந்தச் சத்தியத்தை நம்பாதீர்கள்.

அப்படியானால் ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது. பிள்ளையின் மாற்றத்தை அப்பா அம்மாவுக்கு முன்னால் பார்ப்பது நம் கண்தான். பெரியவர்கள் சோர்ந்தால் அழுவார்கள். பதின்பருவத்துப் பிள்ளை பல நேரம் எரிந்து விழும், தலைவலி என்று சொல்லும், திங்கட்கிழமை தோறும் லீவு போடும். பையன் பாக்கெட்டில் கூல் லிப் புகையிலை வைத்திருப்பான், நாம் ஒழுக்கக் கேடு என்று எழுதி முடித்துவிடுவோம். இப்படிப்பட்ட மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் பக்கம், கோபமும் உடம்பு வலியும் அறிகுறியாகலாம் என்று சொல்லும் பக்கம், நமக்குப் பயன்படும் பக்கம். பார்ப்பது, தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது, தனியே விடாமல் இருப்பது, உரியவரிடம் சேர்ப்பது, சேர்த்த பிறகும் விசாரிப்பது. இதற்கு அப்பால் சிகிச்சை என்ற எல்லைக்குள் நம்மை இழுக்கும் பக்கம் நமக்கும் பிள்ளைக்கும் நல்லது செய்யாது.

உரியவர் யார்? இங்கேதான் நல்ல பக்கங்களின் பெயரைச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளில், மத்திய அரசு 'டெலி மானஸ்' தொடங்கியது. எண் 14416. நிம்ஹான்ஸ் அதற்குத் தலைமை நிலையம். தமிழ்நாட்டில் அதை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடத்துகிறார்கள். தமிழிலேயே பேசலாம், இரவும் பகலும், காசில்லாமல். பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. ஆசிரியரும் கூப்பிட்டு, எனக்கு இப்படி ஒரு மாணவன், என்ன செய்ய என்று கேட்கலாம். 104 நம் மாநிலத்தின் உடல்நல ஆலோசனை எண். பிள்ளைக்கு ஆபத்து, கொடுமை என்றால் 1098. 'சிநேகா'வின் எண் 044-24640050. மத்தியக் கல்வித் துறை 2020 ஜூலையில் 'மனோதர்பண்' என்று மாணவர், ஆசிரியர், பெற்றோருக்காக ஒன்று தொடங்கியது. பொருள் நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும். சிவகிரி தாலுகாவில் அதைப் படித்துக்காட்ட யார் இருக்கிறார்கள் என்று டெல்லிக்காரர்கள் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தற்கொலைச் செய்திகளை வகுப்புக் குழுவில் பகிராதீர்கள். எப்படி, எங்கே என்று விவரிக்கும் செய்தி, பலவீனமான நேரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் இதற்காகவே நெறிமுறை கொடுத்திருக்கிறது, பத்திரிகைகள் எத்தனை பின்பற்றுகின்றன என்பதை நீங்களே பாருங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரியாவில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த எண்ணம் வந்தும் அதைக் கடந்து வாழ்ந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்ததைக் காட்டியது. பத்தாம் வகுப்பில் தோற்று, உடனடித் துணைத்தேர்வு எழுதித் தேறி, இன்று நம் பக்கத்திலேயே கடை வைத்தோ, வண்டி ஓட்டியோ, அரசு வேலையிலோ இருக்கும் பழைய மாணவர்கள் உங்களுக்குத் தெரியாதா? தேர்வு முடிவு வரும் வாரத்தில் அவர்களை வரவழைத்துப் பேச வையுங்கள். 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பை நம் அரசு நிறுத்தியது. பள்ளி வாசலில் மட்டும் இன்னும் முதல் மூன்று பேர் படத்தோடு ஃபிளெக்ஸ் தொங்குகிறது. அதைக் கட்டுகிறவர்கள் நாம்தான்.

மறுபடியும் அந்த ராத்திரிக்கு வருகிறேன். அந்த ஆசிரியர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மிக நல்ல பக்கம் இணையத்தில் இல்லை. அது நம் பக்கத்து விவரம். தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்த நாள், எத்தனை மணிக்குப் பார்க்கிறார்? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும்? முதல் பஸ் எத்தனை மணிக்கு? யார் கூடப் போவது? இதை எந்த அமெரிக்கப் பேராசிரியரும் எழுதித் தரமாட்டார், எழுதவும் முடியாது. நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே, இந்த மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன்னால், பள்ளிக்கு இரண்டு பேர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாளும் நேரமும் கேளுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் 14416, 104, 1098 என்று எழுதுங்கள், அதன் கீழே ஆஸ்பத்திரி நேரத்தையும் பஸ் நேரத்தையும் எழுதுங்கள், அடியில் இன்றைய தேதியைப் போடுங்கள். ஆசிரியர் அறையில் ஒன்று, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒன்று ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்களுக்கு நீங்களே போன் போட்டு, இன்னும் எடுக்கிறார்களா என்று பாருங்கள். தாளும் பசையும் வெளியே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.